மடித்து நிறுத்தும் பயிற்றிக்குக் காப்புரிமை தகுமா?

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் புத்தாக்கப் போட்டிகளுக்கு இப்போது நல்ல மவுசு. கோலாலம்பூர் ஐடெக்ஸ் கண்காட்சியிலும் வெளிநாட்டுப் போட்டிகளிலும் நம் பிள்ளைகள் பதக்கம் வாங்கிய செய்தி நாளிதழ்களில் படத்தோடு வருகிறது. பாராட்டு விழா முடிந்ததும் யாராவது ஒருவர் கேட்பார்: “இதுக்குக் காப்புரிமை எடுத்துட்டீங்களா, சார்?” ஆசிரியர் சிரித்து வைப்பார். எடுக்க முடியுமா, எடுக்க வேண்டுமா, எடுத்தால் என்ன கிடைக்கும் என்பவை மூன்று தனித்தனிக் கேள்விகள். அவற்றைப் பிரித்துச் சொல்ல விழா மேடை தோதான இடமில்லை.

ஓர் எளிய பொருளின்மேல் வைத்து அவற்றைப் பார்க்கலாம். ஒரு மணிலா அட்டை. நான்காக மடித்தால் பயிற்றி. பிள்ளை பைக்குள் வைத்துக்கொண்டு போகலாம். விரித்து, ஓரத்தில் வெட்டியிருக்கும் நாக்கை எதிர்ப்பக்கப் பிளவில் செருகினால் மேசைமேல் கூரைபோல் நிற்கும் காட்சிப் பலகை. வகுப்பைப் பார்த்த பக்கத்தில் வாய்பாடோ இலக்கண விதியோ இருக்கும். பிள்ளையைப் பார்த்த பக்கத்தில் பயிற்சிக் கேள்விகள். மடலைத் தூக்கினால் விடை. பினாங்கில் பாகான் டாலாமிலிருந்து நிபோங் திபால் வரை எந்தத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் பயிற்றுத் துணைப்பொருளாக ஏதோ ஒரு வடிவில் செய்து பார்த்திருக்கக்கூடிய பொருள்தான். அப்படிச் சாதாரணமாக இருப்பதால்தான் ஆய்வுக்கு இது ஏற்றது. சிக்கலான இயந்திரத்தைவிட இப்படிப்பட்ட பொருளில்தான் சட்டத்தின் எல்லைக்கோடு தெளிவாகத் தெரியும்.

மலேசியாவின் 1983ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 1986 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு முன் தீபகற்ப மலேசியாவில் இருந்தவர் பிரிட்டனில் காப்புரிமை வாங்கி, 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அதை இங்கே பதிந்துகொள்ள வேண்டும். பட்டர்வொர்த்துக்காரர் மூளைக்கு லண்டன் முத்திரை தேவைப்பட்ட காலம் அது. இன்று மைஐபிஓ என்று எல்லாரும் அழைக்கும் மலேசிய அறிவுசார் சொத்துரிமைக் கழகத்திடம் நேரே விண்ணப்பிக்கலாம். சட்டத்தின் 11ஆம் பிரிவு மூன்று நிபந்தனைகளை வைக்கிறது: பொருள் புதியதாக இருக்க வேண்டும், அதில் கண்டுபிடிப்புத் திறன் இருக்க வேண்டும், தொழில்துறையில் செய்யவோ பயன்படுத்தவோ கூடியதாக இருக்க வேண்டும். மூன்றாவதில் நம் பயிற்றிக்குத் தொல்லையில்லை. எந்த அச்சகத்திலும் வெட்டி மடிக்கலாம். இடறுவது முதல் இரண்டில்தான். அவற்றுக்கும் முன்னால் இது ‘கண்டுபிடிப்பு’தானா என்றொரு கேள்வி இருக்கிறது.

12ஆம் பிரிவின்படி, தொழில்நுட்பத் துறையில் ஒரு குறிப்பிட்ட சிக்கலை நடைமுறையில் தீர்க்கும் எண்ணமே கண்டுபிடிப்பு. ஏழாம் வாய்பாடு பிள்ளைகள் மனத்தில் நிற்கவில்லை என்பது சிக்கல்தான், ஆனால் கற்பித்தல் சிக்கல். அட்டை நிமிர்ந்து நிற்காமல் சரிகிறது என்பது தொழில்நுட்பச் சிக்கல். போட்டிக்குத் தயாரிக்கும் அறிக்கைகளில் முன்னது பத்துப் பக்கம் இருக்கும், பின்னது இரண்டு வரியில் முடிந்துவிடும். காப்புரிமை ஆய்வாளர் படிக்கப்போவது அந்த இரண்டு வரியைத்தான்.

அச்சிட்ட தாளுக்குக் காப்புரிமை கிடைக்குமா என்ற வழக்கு மிகப் பழையது. இந்தியாவின் 1970ஆம் ஆண்டுச் சட்டம் 3(என்) உட்பிரிவில், தகவலை எடுத்துவைக்கும் முறை கண்டுபிடிப்பு ஆகாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. பிரிட்டனின் 1977ஆம் ஆண்டுச் சட்டத்திலும் ஐரோப்பிய உடன்படிக்கையிலும் இதே விலக்கு உண்டு. மலேசியச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தரும் விலக்குப் பட்டியலில் அறிவியல் கோட்பாடு, கணித முறை, வணிகத் திட்டம், மனத்தால் மட்டும் செய்யும் செயல், விளையாட்டு விதி எல்லாம் வருகின்றன. தகவலை எடுத்துவைத்தல் மட்டும் பெயர் சொல்லப்படவில்லை. இதை வைத்து நம் நாட்டில் கதவு திறந்திருக்கிறது என்று வாதாடுவோர் இருக்கலாம். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. 12ஆம் பிரிவு கேட்கும் தொழில்நுட்பச் சிக்கல் அதே வேலையை வேறு வாசல் வழியாகச் செய்துவிடும்.

இங்கே உதவுபவை இரண்டு பழைய ஆங்கிலேய விண்ணப்பங்கள். 1902இல் கூப்பர் என்பவருடையது: செய்தித்தாளை மடிக்கும் இடத்தில் எழுத்து விழாதபடி வெற்றிடம் விட்டு அச்சிடும் முறை. 1940இல் ஃபிஷ்பர்ன் என்பவருடையது: எப்படிக் கிழித்தாலும் இரண்டு துண்டிலும் வேண்டிய விவரம் இருக்கும்படி அச்சிட்ட பயணச்சீட்டு. எந்தச் சொல் அச்சாகியிருக்கிறது என்பது இரண்டிலும் பொருட்டே இல்லை. அச்சு அமைந்திருக்கும் விதம் மடிப்பதற்கும் கிழிப்பதற்கும், அதாவது கையால் செய்யும் ஒரு காரியத்துக்கு, உதவியது. அதனால் அவற்றைக் காப்புரிமைக்குரிய பொருளாக ஏற்றார்கள். அமெரிக்காவில் 1983இல் முடிவான குலாக் வழக்கும் இதே தடத்தில் போகிறது. தலையைச் சுற்றி அணியும் வளையப் பட்டையில் எண்கள் அச்சிட்ட ஒரு கணித விளையாட்டுப் பொருள் அது. பட்டைக்குத் தொடக்கமும் முடிவும் இல்லாததால் எண்வரிசையும் முடிவின்றிச் சுழல்கிறது. எண்ணும் பட்டையும் ஒன்றை ஒன்று சார்ந்து வேலை செய்வதால், ‘வெறும் அச்சு’ என்று சொல்லி அதைத் தள்ள முடியாது என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம்.

நம் பயிற்றியை இந்த அளவுகோலில் வைத்தால் வாய்பாடு, கேள்வி, வண்ணம், படம் எல்லாம் கழன்றுவிடும். எஞ்சுவது மடிப்பும் நாக்கும் பிளவும் மடலும். விடை அச்சான இடமும் மடல் திறக்கும் கோணமும் பொருந்தி, பலகை நிமிர்ந்து நின்றால்தான் விடை மறையும், படுத்தால் தெரியும் என்ற அமைப்பு இருந்தால் குலாக் வழி கொஞ்சம் திறக்கிறது. அந்த அமைப்பு இல்லையென்றால் இல்லை.

அடுத்தது புதுமை. புதுமையை அளக்கும் எல்லை பினாங்கும் அல்ல, மலேசியாவும் அல்ல. 14ஆம் பிரிவின்படி உலகம் முழுவதும். எந்த மொழியில், எந்த நாட்டில், எழுத்தாகவோ பேச்சாகவோ பயன்பாடாகவோ முன்பே வெளிப்பட்டிருந்தாலும் புதுமை போயிற்று. உலகக் காப்புரிமைகளை வகைப்படுத்தும் முறையில் ஜி09எஃப் 1/00 என்ற தொகுதியை யாரும் இணையத்தில் திறந்து பார்க்கலாம். மடிக்கக்கூடிய பொருளால் ஆன காட்சி அட்டைகளுக்கு என்றே அமைந்தது அது. அதற்குள் முப்பரிமாணத்தில் எழுந்து நிற்கும்படி மடிக்கும் அட்டைகளுக்குத் தனி உட்பிரிவும் உண்டு. கல்விக் கருவிகளுக்கு ஜி09பி, புத்தகம் சார்ந்தவற்றுக்கு பி42டி. நம் ஆசிரியர் அட்டையை மடிக்கத் தொடங்கும் முன்பே அவர் யோசனைக்குப் பெயரெழுதிய அலமாரி தயாராக இருக்கிறது.

காப்புரிமை ஆவணங்களைத் தாண்டினாலும் நிலைமை அதுதான். நீரிணைக்கு அக்கரையில் சுமத்ராவின் பாத்தாக் மக்களின் பூசாரிகள் மரப்பட்டையை விசிறிமடிப்பாக மடித்துப் ‘புஸ்தஹா’ எழுதினார்கள். 1760களில் லண்டனில் ராபர்ட் சேயர் மடல் தூக்கிப் பார்க்கும் கதைத்தாள்களை விற்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மியூனிக்கின் லோதர் மெக்கண்டோர்ஃபர் தாளிலேயே அசையும் பொம்மைப் புத்தகங்களைச் செய்தார். நம் காலத்தில் அமெரிக்க ஆசிரியை டைனா ஜைக் மடிப்புத்தாள் பாடப்பொருள்களை ‘ஃபோல்டபிள்ஸ்’ என்ற பெயரில் பரப்பினார். இவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கூரைபோல் மேசையில் நிற்கும் நாள்காட்டி எந்த அலுவலகத்திலும் இருக்கிறது. ஆய்வாளர் முதலில் எடுத்துக் காட்டப்போவது அதைத்தான்.

முன்பே வெளிப்பட்டது என்றால் பெரிய நிறுவனமோ பேராசிரியரோ வெளியிட்டிருக்க வேண்டும் என்பதில்லை. காப்புரிமைச் சட்டம் படிப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த பாய்மரப் பலகை வழக்கு ஒன்று உண்டு. விண்ட்சர்ஃபிங் இன்டர்நேஷனல் நிறுவனம் தன் காப்புரிமையை வைத்து தபூர் மரீன் நிறுவனத்தின்மேல் வழக்குத் தொடுத்தது. எதிர்த்தரப்பு கொண்டுவந்த சான்று பீட்டர் சில்வர்ஸ். 1958இல், 12 வயதில், இங்கிலாந்தின் ஹேலிங் தீவுக் கடற்கரையில் வீட்டில் செய்த பாய்ப்பலகையில் விளையாடிய பையன். அவன் பலகையில் பாயைப் பிடிக்கும் கழி நேராக இருந்தது, காப்புரிமையில் வளைவாக இருந்தது. காற்று அடித்தால் நேர்க்கழியும் வளையத்தான் செய்யும், வேறுபாடு பெரிதல்ல என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. காப்புரிமை செல்லாமல் போனது. கண்டுபிடிப்புத் திறனைப் படிப்படியாக எடைபோட அந்தத் தீர்ப்பு வகுத்த நான்கு படிகளை மலேசிய நீதிமன்றங்களும் எடுத்தாண்டிருக்கின்றன. கடற்கரையில் ஒரு பிள்ளை எல்லாரும் பார்க்க விளையாடியது ஒரு பெரிய நிறுவனத்தின் உரிமையைச் சாய்க்கும் என்றால், பள்ளி அரங்கில் எல்லாரும் பார்க்க வைத்த அட்டை தன் உரிமையைத் தானே சாய்த்துக்கொள்ளும் என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

நம்மவர்கள் அதிகம் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். கண்காட்சியில் வைப்பது வெளியீடு. பதக்கத்தோடு வரும் சான்றிதழில் தேதி இருக்கும், செய்தித்தாள் படத்தில் பொருள் விரிந்த நிலையில் இருக்கும். ஒருவர் புதுமையை மறுக்க வேண்டுமென்றால் இதைவிடக் கச்சிதமான சான்று கிடைக்காது. மலேசியச் சட்டம் இதில் கருணை காட்டுகிறது: விண்ணப்பித்தவரே வெளியிட்டிருந்தால், வெளியிட்ட நாளிலிருந்து ஓராண்டுக்குள் விண்ணப்பம் போய்ச்சேர்ந்தால் அந்த வெளியீடு கணக்கில் வராது. எல்லா நாடும் இப்படி இல்லை. ஐரோப்பாவில் சாதாரணக் கண்காட்சிக்கு அந்தச் சலுகை கிடையாது. இந்தியாவில் அரசு அறிவிக்கையில் இடம்பெற்ற கண்காட்சி போன்ற சில வகைகளுக்கு மட்டும் உண்டு. ஆகவே தங்கம் கிடைக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருப்பவர் மலேசியக் கதவை ஓராண்டு திறந்து வைத்துக்கொண்டு, வெளிநாட்டுக் கதவுகள் பலவற்றைத் தம் கையாலேயே சாத்திவிடுகிறார்.

சரி, இதே நாக்கும் இதே பிளவும் சேர்ந்த அமைப்பு எங்கேயும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். இனி 15ஆம் பிரிவு: அந்தத் துறையில் சாதாரணத் திறன் உள்ளவருக்கு இது எளிதில் தோன்றக்கூடியதா? நம் வழக்கில் அந்தச் சாதாரணத் திறனாளி யார் என்பதைச் சரியாகக் கணிக்க வேண்டும். அவர் கணித ஆசிரியர் அல்லர். ஜார்ஜ்டவுனின் ஏதோ ஓர் அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகையும் மேசை நாள்காட்டியும் மருந்துப்பெட்டியும் மடித்து மடித்துப் பழகியவர். அவரிடம் போய், “அண்ணே, பயிற்றி மேசைமேல நிக்கணும், மடிச்சா பைக்குள்ள போகணும்” என்றால் எவ்வளவு நேரம் யோசிப்பார்? என் கணிப்பில் தேநீர் ஆறும் முன் ஒரு மாதிரி வெட்டிக் காட்டிவிடுவார். அப்படியானால் கண்டுபிடிப்புத் திறன் என்ற படியை இந்தப் பயிற்றி தாண்டவில்லை. இந்திய உச்சநீதிமன்றம் பிஷ்வநாத் பிரசாத் வழக்கில் பாத்திரம் கடையும் பொறியைப் பற்றிச் சொன்னதும் இதே கருத்துத்தான்: பட்டறையில் நடக்கும் சாதாரண மேம்பாடு காப்புரிமைக்குப் போதாது.

தாளை மடித்தவர் யாரும் இந்தப் படியைத் தாண்டியதில்லை என்று இதற்குப் பொருளல்ல. 1894இல் சிகாகோவின் ஃபிரெடரிக் வில்காக்ஸ் ஒரே தாளை மடித்து ஒழுகாத வாளி செய்து காப்புரிமை வாங்கினார். அமெரிக்கச் சீன உணவகங்களின் பொட்டலப் பெட்டி அதன் வழிவந்தது. ஹாம்பர்க்கில் 1945இல் வரைபடப் பதிப்பகம் தொடங்கிய கெர்ஹார்ட் ஃபால்க், நகர வரைபடம் முழுவதையும் விரிக்காமல் வேண்டிய பகுதியை மட்டும் புத்தகம்போல் புரட்டும் மடிப்புக்குக் காப்புரிமை வைத்திருந்தார். ஸ்டான்ஃபோர்டின் மனு பிரகாஷ் குழு 2014இல் வெளியிட்ட ஃபோல்ட்ஸ்கோப்பில், தட்டையான தாளை மடிப்பதாலேயே லென்ஸும் ஒளியும் மாதிரித் தகடும் ஒரே நேர்க்கோட்டில் வந்து நுண்ணோக்கி ஆகிவிடுகிறது. ஒழுகல், விரிப்பு, ஒளி நேர்மை என்று மூன்றிலும் மடிப்பு தீர்த்த சிக்கலுக்குப் பெயர் சொல்ல முடிகிறது. நிற்கும் அட்டையில் அப்படிப் பெயர் சொல்ல ஏதாவது இருக்கிறதா? மின்விசிறி முழு வேகத்தில் சுழலும் வகுப்பில், ஈரப்பதத்தில் தாள் தளர்ந்த பிறகும், பசையோ கம்பியோ இல்லாமல் ஒற்றை நாக்கு அட்டையைச் சரியாமல் பிடித்து நிறுத்துகிறது என்றால், அது பெயர் சொல்லத்தக்க சிக்கல்தான். எத்தனை கிராம் தாள், என்ன கோணம், எத்தனை முறை மடித்தும் பிளவு கிழியவில்லை என்று சோதித்து எழுதினால் விண்ணப்பத்துக்கு உயிர் வரும்.

மலேசியாவில் இதற்குத் தோதான இன்னொரு வாசல் இருக்கிறது. இந்தியாவில் அது இல்லை. காப்புரிமைச் சட்டத்துக்குள்ளேயே 17ஆம் பிரிவில் தொடங்கும் ‘பயன்பாட்டுப் புத்தாக்கம்’. புதிய பொருளோ, தெரிந்த பொருளின் புதிய மேம்பாடோ, தொழில்துறையில் பயன்பட்டால் போதும். கண்டுபிடிப்புத் திறனை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. அச்சகத்து அண்ணன் தேநீருக்குள் செய்துவிடுவார் என்ற வாதம் இங்கே செல்லாது. பதிலுக்குச் சட்டம் சிலவற்றைப் பிடித்துக்கொள்கிறது. காப்புரிமையில் வேண்டிய அளவு உரிமைக்கோரல் எழுதலாம், இங்கே ஒன்றே ஒன்று. காப்புரிமைக்கு 20 ஆண்டு. இதற்கு முதலில் 10 ஆண்டு, பிறகு நாட்டில் பொருள் உண்மையில் பயன்பாட்டில் இருப்பதைக் காட்டி ஐந்தைந்தாக இருமுறை நீட்டிக்கொள்ளலாம். உலகளாவிய புதுமை மட்டும் இங்கேயும் தளரவில்லை. காப்புரிமை விண்ணப்பத்தைப் பிறகு பயன்பாட்டுப் புத்தாக்கமாக மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு.

அந்த ஒற்றைக் கோரலை எழுதும்போது ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மாணவர், கல்வி, தமிழ், வாய்பாடு, ஆர்வத்தைத் தூண்டும் என்ற சொற்களையெல்லாம் அடித்துவிட்டு மீந்ததைப் படிக்க வேண்டும். மேசை நாள்காட்டியின் வருணனையாக அது மாறிவிட்டால் விண்ணப்பக் கட்டணத்தைப் பள்ளி நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம்.

மற்ற பாதுகாப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1996ஆம் ஆண்டுத் தொழில்துறை வடிவமைப்புச் சட்டம் பொருளின் கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தைக் காக்கும், ஐந்தைந்து ஆண்டாக 25 ஆண்டு வரை. வேலைக்காகவே அமைந்த வடிவத்தை அது காக்காது. நிற்பதற்காக வெட்டிய நாக்கு அதில் சேராது. யானை முகம்போல் வெட்டிய ஓரம் சேரலாம். பக்கங்களில் உள்ள எழுத்தும் படமும் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்கீழ் பதிவில்லாமலே எழுதியவருக்கு உரியவை. விரும்பினால் மைஐபிஓவில் தெரிவித்துப் பதிந்துகொள்ளும் ஏற்பாடு 2012 முதல் இருக்கிறது. உண்மையில் பயிற்றியைத் திருடுபவர் மடிப்பைத் திருடுவதில்லை. பக்கங்களைத்தான் நகலெடுத்து விற்கிறார். அதற்குப் பதிப்புரிமையே போதும்.

உரிமை யாருடையது என்பதும் சங்கடமான கேள்விதான். 20ஆம் பிரிவின்படி, வேலை ஒப்பந்தத்தின் பணியாகச் செய்த கண்டுபிடிப்பு, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், வேலை கொடுத்தவருக்குப் போகும். எதிர்பார்த்ததைவிட அதற்கு மிகப் பெரிய பொருளாதார மதிப்பு வந்தால் ஊழியருக்கு நியாயமான ஊதியம் உண்டு. பயிற்றுத் துணைப்பொருள் செய்வது ஆசிரியர் பணியின் பகுதியா என்பதில் இரு தரப்புக்கும் வாதம் இருக்கும். பிள்ளைகள் உண்மையிலேயே யோசித்துச் செய்திருந்தால் கண்டுபிடித்தவர் அவர்கள்தான். பிள்ளைகள் பள்ளியின் ஊழியர் அல்லர், அவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. போட்டிப் படிவத்தில் கண்டுபிடித்தவர் என்று பிள்ளைகள் பெயரையும், காப்புரிமை விண்ணப்பத்தில் பெரியவர் பெயரை மட்டும் எழுதுவது பின்னால் பெரிய தலைவலியாகும்.

தகுதிக்கு அப்பால் இன்னொன்றும் உண்டு: இதற்கு வேலி போடுவதால் யாருக்கு லாபம்? பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள், நாடு முழுவதும் 500க்குச் சற்று மேல். தமிழ்ப் பயிற்றிக்கு அந்தச் சந்தை சின்னது. மீறியவர்மேல் வழக்குப் போடும் செலவு அந்தச் சந்தையையே விழுங்கிவிடும். தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முழுக்க அட்டைகளால் ஆனது. ரிஷி வேலிப் பள்ளி அனுபவத்திலிருந்து எடுத்து, எம். பி. விஜயகுமார் போன்ற அதிகாரிகள் முனைந்ததால் சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒவ்வோர் அட்டைக்கும் உரிமைத்தொகை கேட்டிருந்தால் அந்த வேகம் வந்திருக்காது. அரவிந்த் குப்தா குப்பையிலிருந்து செய்யும் பொம்மைகளின் செய்முறைகளை இலவசமாகவே வெளியிட்டு வருகிறார்.

விட்டுக்கொடுத்து வளர்ந்ததற்குப் பாகான் டாலாமை ஒட்டியே ஒரு சாட்சி இருக்கிறது. பட்டர்வொர்த் வடக்குக் கொள்கலன் முனையத்தில் அடுக்கியிருக்கும் ஒவ்வொரு பெட்டியின் மூலையிலும் துளையிட்ட இரும்புக் கட்டி உண்டு. பளுதூக்கி பிடிப்பதும் கப்பலில் பூட்டுவதும் அதில்தான். அதன் மூல வடிவத்துக்கு மால்கம் மெக்லீனின் சீ-லேண்ட் கப்பல் நிறுவனத்திடம் காப்புரிமை இருந்தது. 1963இல் அதை உலகப் பொதுத் தரத்துக்காக விட்டுக்கொடுத்தார்கள். மெக்லீன் அதனால் ஏழையாகிவிடவில்லை. தரம் பரவியதில் அவர் தொழிலே பெருத்தது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: விட்டுக்கொடுக்க அவரிடம் முதலில் காப்புரிமை இருந்தது.

அதனால் என் முடிவு இப்படி. வெறுமனே மடிந்து நிற்கும் பயிற்றிக்கு முழுக் காப்புரிமை தகாது, கேட்பதும் வீண்செலவு. நாக்கிலோ மடலிலோ மேசை நாள்காட்டியில் இல்லாத ஒரு வேலை நடந்தால், கண்காட்சிக்கு அனுப்புவதற்கு முன்பே ஒற்றைக் கோரலோடு பயன்பாட்டுப் புத்தாக்கத்துக்கு விண்ணப்பிக்கலாம். கண்டுபிடித்தவர் பத்தியில் பிள்ளைகள் பெயர் இருக்கட்டும். பக்கங்களை மட்டும் நாட்டின் எல்லாத் தமிழ்ப்பள்ளிகளும் இலவசமாக எடுத்து அச்சிட்டுக்கொள்ளும்படி திறந்து வைக்கலாம். மடிப்பைப் பெரிய அளவில் தயாரித்து விற்க ஒரு பதிப்பகம் வந்தால், பேசுவதற்குக் கையில் அந்தப் பயன்பாட்டுப் புத்தாக்கச் சான்றிதழ் இருக்கும்.